சாலாமிசிரி

1998 மார்ச் 8, ஞாயிறு

மழை. பார்க்கிங் லாட் ஓரத்தில் பழைய பனி கறுத்துக் குவிந்து கிடக்கிறது. பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று அவரிடம் சொன்னேன். தலைவலியாவது ஒன்றாவது. எடிசன் ஊரில் இருக்கிற ஆன்ட்டி முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பூசை முடிந்து காபி குடிக்கும் இடத்தில், நாலு பேர் நடுவில் நிறுத்தி வைத்து, "ஏதாவது விசேஷம் உண்டாம்மா?" என்பார்கள். கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்ப்பார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். பாளையங்கோட்டையில் கேட்டார்கள், சரி. நியூ ஜெர்சி வந்தும் அதே கேள்வி, அதே பார்வை.

ஜெரால்டு மட்டும் போயிருக்கிறார். அவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். கிரிக்கெட் பேசுவார்கள்.

அத்தை கொடுத்துவிட்ட பார்சலை இன்றுதான் முழுசாகப் பிரித்தேன். ஆன்ட்டியின் தம்பி ஊருக்குப் போய்விட்டு வந்தபோது கொண்டுவந்தது.
முறுக்கு. பாதி தூள்.
கருவாடு. எல்லாவற்றிலும் அதன் வாடை.
எனக்கு வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு குப்பி. அடிவயிற்றில் தடவி ஜெபம் சொல்ல வேண்டும்.
அவருக்கு வாயு மருந்து.

வாயு மருந்து இதற்கு முன் பொடியாக வரும். ராத்திரி பாலில் கலந்து கொடுப்பேன். கடைக்காரன் பொடியில் மைதா கலக்கிறானாம், அதனால் இந்தத் தடவை முழுசாக வந்திருக்கிறது. நான் அரைத்துக் கொடுக்க வேண்டுமாம். பொட்டலத்தின் மேல் பென்சிலில் "சாலாமிசிரி". பெயரைப் பார்த்து ஏதோ கற்கண்டு வகை என்று நினைத்தேன். கற்கண்டு இல்லை, காய்ந்த கிழங்கு. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, மங்கின தேன் நிறம், கல் மாதிரி கெட்டி. நடுவில் ஓட்டை. பூச்சி அரித்தது என்று ஓட்டை விழுந்ததையெல்லாம் பொறுக்கிப் போடப் பார்த்தேன். பார்த்தால் எல்லாவற்றிலும் ஓட்டை. சரி போ என்று மிக்ஸியில் போட்டேன். பிளேடு சிக்கி, மோட்டார் கருகின வாடை. ஊரிலிருந்து மடியில் வைத்துத் தூக்கிவந்த மிக்ஸி. இந்த வீட்டில் வாயுவுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை.

ஏப்ரல் 22 எனக்கு லாப்ரோஸ்கோப்பி. தொப்புளில் துளை போட்டுக் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். ஏப்ரல் 20 என் ஆபீஸ் எலேனியின் கிரீஸ் பயணம், மூன்று வாரம், என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டில் ஒன்றுதான். எது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

மழை விட்டது. குளிர் விடவில்லை. காரில் ஹீட்டர் மறுபடி மக்கர்.

எலேனி கிரீஸிலிருந்து வந்துவிட்டாள். அறை முழுக்க சிகரெட் வாடை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இல்லை என்று சாதிக்கிறாள். அறுபது வயசு. டாக்டர் என்று கூப்பிட்டால் திட்டுவாள். அவள் ஊர் மலைகளில் இருபது வருஷமாக ஏறி இறங்கி எழுதின காட்டு ஆர்க்கிட் குறிப்புகளைத்தான் ஒரு வருஷமாக நான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். எம்.ஃபில். தாவரவியல் படித்ததற்கு டேட்டா என்ட்ரி. ஆனாலும் இந்த வேலை பிடித்திருக்கிறது. ஒரு செடி, அது நின்ற சரிவு, பக்கத்தில் என்ன மரம், ஆடு மேய்ந்ததா, பூத்ததா. அடுத்த வருஷம் அதே இடம். இருந்தால் "உண்டு". இல்லாவிட்டால் "இல்லை". சில பக்கங்களில் வரிசையாக "இல்லை, குழி" என்று அடித்துக்கொண்டே போவேன். யாரோ தோண்டிவிட்டுப் போன குழி.

ஊர் பெயரை மட்டும் யாருக்கும் காட்டக் கூடாது. அதற்கென்று ஒரு மறைப்பு வைத்திருக்கிறோம். இடம் தெரிந்தால் அடுத்த வாரமே மண்வெட்டியோடு ஆள் போய் நிற்பான் என்பாள் எலேனி.

இன்று மேஜைமேல் ஒரு மாலையைத் தூக்கிப் போட்டாள். நூலில் கோத்த காய்ந்த கிழங்கு. சந்தையில் வாங்கி, பர்மிட் எழுதி, ஆதாரத்துக்குக் கொண்டுவந்தாளாம். தோண்டுகிறவர்கள் கிழங்கை வெந்நீரில் போட்டு எடுத்து, ஊசியால் குத்தி நூலில் கோத்து, வெயிலில் தொங்கவிடுவார்களாம்.

தேன் நிறம். நடுவில் ஊசி போன ஓட்டை.

என் வீட்டில் ஒரு பொட்டலம் இருக்கிறது என்று சொல்லவில்லை. எலேனி பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். செடிக்கடியில் எப்போதும் இரண்டு கிழங்கு இருக்கும். ஒன்று இந்த வருஷப் பூவுக்குச் செலவாகிச் சுருங்கினது. இன்னொன்று அடுத்த வருஷத்துக்கென்று கொழுத்தது. கொழுத்ததைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதோடு செடி முடிந்தது. விதை போட்டு வளர்க்கலாமே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது, அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தூசி மாதிரி விதை, அதற்கு மண்ணில் ஒரு பூஞ்சணம் துணை வேண்டும், முளைத்துப் பூக்கப் பல வருஷம். இவர்கள் ஒரு மத்தியானத்தில் ஒரு சரிவையே காலி பண்ணிவிடுகிறார்கள்.

எதற்கு வாங்குகிறார்கள் என்று தெரியாத மாதிரி கேட்டேன். அவள் ஊரில் குளிர்காலத்தில் பாலில் காய்ச்சித் தெருவில் விற்பார்களாம். மீதிக்குக் கண்ணடித்தாள். ஆர்க்கிஸ் என்றால் என்ன அர்த்தம், படித்தவள்தானே நீ என்றாள்.

தெரியும். ஆர்க்கிஸ் என்றால் கிரேக்கத்தில் ஆணின் விரை. தமிழில் விதை என்றாலும் அந்த அர்த்தம் உண்டு. எம்.எஸ்ஸி. வகுப்பில் புரொஃபசர் அந்த வரியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போனார், பையன்கள் பின்பெஞ்சில் சிரித்தார்கள். ஒரு ஜோடி, உருண்டையாக, மண்ணுக்கடியில். உருவத்தைப் பார்த்து, இது ஆம்பிளைக்கு ஆகும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனோ முடிவு பண்ணிவிட்டான். அன்றையிலிருந்து தோண்டுகிறார்கள்.

நானும் சிரித்தேன். ரூட் ஒன்னில் சிக்னலுக்கு நிற்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

வாயு மருந்தா அது?

மார்ச் 10, செவ்வாய்

ஒரு கிழங்கை டிஷ்யூவில் சுற்றி எடுத்துப் போனேன். எலேனி லென்ஸ் வைத்துப் பார்த்தாள், உச்சியில் மொட்டு இருந்த தழும்பைக் காட்டினாள். சந்தேகமே இல்லை, ஆர்க்கிட். எந்த நாட்டு மண் என்று காய்ந்த கிழங்கை வைத்துச் சொல்ல முடியாதாம். எங்கே கிடைத்தது என்றாள். என் சமையலறையில் என்றேன்.

கத்தினாள் பாரு. உங்கள் ஆட்கள், உங்கள் கிழக்கத்தி வைத்தியம், உங்கள் வியாபாரிகள் என்று. எனக்கும் வந்துவிட்டது. உன் ஊர்த் தெருவில் கோப்பை கோப்பையாக விற்கிறவன் யார், என் மாமியாரா என்று கேட்டேன். ஒரு வருஷமாக "உண்டு", "இல்லை" என்று அடித்துக் கொடுத்தது யார் என்று கேட்டேன். அப்புறம் உலர்தாவரக் காப்பகத்து லேபிள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள், சாம்பிள் வந்தால் எழுதத்தானே வேண்டும் என்று. எழுதினேன்.

இடம்: பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி. சமையலறை, மிக்ஸிக்குப் பக்கத்தில்.
சேகரித்தவர்: அத்தை.

எலேனிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, இருமல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷமாக ஆபீசில் உட்கார்ந்து இந்தச் செடி எங்கே போயிற்று, எங்கே போயிற்று என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பாலில் கலக்கிக் கொடுத்திருக்கிறேன். தமிழ்ப் பேரில் வந்ததால் கண் தெரியாமல் போய்விட்டது. பெரிய எம்.ஃபில்.

ராத்திரி அவர், "பால் இல்லையா?" என்றார். மிக்ஸி ரிப்பேர் என்றேன்.

மார்ச் 12, வியாழன்

வெயில். கீழே புல்தரையில் குஜராத்திப் பாட்டிகள் இரண்டு பேர் சுவெட்டருக்கு மேல் புடவை கட்டி நடக்கிறார்கள்.

போன் கார்டு போட்டு ரீட்டாவைக் கூப்பிட்டேன். என் தங்கை, பாளையங்கோட்டையில் டீச்சர். திங்கள்கிழமையே பேசி, நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்னத்துக்கு ஆகும் என்று கேட்டு வை என்று சொல்லியிருந்தேன். போயிருக்கிறாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆம்பிளை ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்புறம் அவள் வீட்டுக்காரர் போனார். அவரிடம் மட்டும் கல்லாவுக்கு மேல் குனிந்து சொன்னாராம்.

"தாது புஷ்டிக்காம்க்கா. பிள்ளை இல்லாத ஆம்பளைகளுக்குக் குடுப்பாகளாம். இவுக வெக்கப்பட்டுட்டு ஓடியே வந்துட்டாக. நீ எதுக்குக்கா கேக்க?"

வாயுவுக்கும் ஆகுமா என்றேன். வாயுவுக்குப் பெருங்காயம் இருக்கே, இதை எதுக்கு என்று கடைக்காரர் சிரித்தாராம்.

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவருடைய ரிப்போர்ட் நார்மல். அவர்தான் சொன்னார். கல்யாணமான மறுவருஷமே டெஸ்ட் செய்துவிட்டேன், எனக்கு ஒன்றுமில்லை, ரிப்போர்ட் ஊரில் இருக்கிறது. இங்கே டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டும் அதேதான். ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் முடியட்டும், ஊரிலிருந்து வரவழைக்கிறேன். ரிலீஸ் என்றைக்கு முடிந்திருக்கிறது?

மார்ச் 14, சனி

காற்று. துணி துவைக்கும் நாள். காம்ப்ளெக்ஸ் லாண்டரி ரூமில் காலை நேரம் கூட்டம் இருக்காது, இரண்டு பேருமாய்ப் போவோம்.

டிரையரிலிருந்து படுக்கை விரிப்பை எடுத்தோம். நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. உதறினோம். மடிக்கும்போது கேட்டேன், அத்தை அனுப்புகிற மருந்து எதற்கு. வாயுவுக்கு என்றார். ரீட்டா வீட்டுக்காரர் கடையில் கேட்டுவிட்டு வந்தார் என்றேன். அவர் முனையைக் கீழே விட்டுவிட்டார். தரையெல்லாம் ஈரம். குனிந்து எடுத்தார், மறுபடி மடித்தார், மடித்துக்கொண்டே கிட்டே வந்தார், என் கையில் முனையைக் கொடுக்க வேண்டுமே.

"வீட்ல போய்ப் பேசலாம் ஸ்டெல்லா."

இங்கேயே பேசுங்கள் என்றேன்.

"தொண்ணூத்தி மூணுல டெஸ்ட் பண்ணேன். கவுன்ட் ரொம்பக் கம்மி. அம்மாதான் யார்ட்டயும் சொல்லாதன்னாங்க."

"யார்ட்டயும்னா? நானும் யாரோவா?"

ஒரு தெலுங்குத் தம்பதி கூடையோடு உள்ளே வந்தார்கள், ஹலோ சொன்னார்கள், இவரும் ஹலோ சொன்னார். வழக்கமான அந்தச் சிரிப்போடு சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கூடையை அங்கேயே வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டேன். ஈரம் பட்ட விரிப்பை அவர் மறுபடி துவைத்தாரா, அப்படியே கொண்டுவந்தாரா தெரியாது. கேட்கவும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இன்று பொய்யும் சொல்லவில்லை. வரவில்லை என்றேன்.

இன்றைக்கு அவர் இல்லை. அவன். அவன் தொண்ணூற்று மூன்று மே மாதம் டெஸ்ட் எடுத்திருக்கிறான். எனக்குக் கருப்பையைச் சுரண்டி டி அண்ட் சி செய்தது ஆகஸ்டில். மயக்க மருந்து சரியாகப் பிடிக்காமல் பாதியில் நான் கத்தினது ஞாபகம் இருக்கிறது. கண் திறந்தபோது அத்தை பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையைத் தடவி, எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். தெரிந்தே. அந்தம்மா தெரிந்தே உட்கார்ந்திருந்தது.

அப்புறம் கருக்குழாய் டெஸ்ட். நீலச் சாயம் விட்டது. அடைப்பு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், இன்னொரு டாக்டர்.

அவன் தங்கச்சி சீமந்தத்துக்கு என்னை வளையல் போடக் கூப்பிடவில்லை. அடுப்படியில் பாயசம் கிண்டினேன். வெளியே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான், கேமரா பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமை ஒருசந்தி. நவநாள். பசும்பால் மட்டும். வேளாங்கண்ணியில் முட்டி போட்டு நடந்தது, முட்டி உரிந்து இரண்டு வாரம். அப்போதும் கூடவே நடந்து வந்தான், தண்ணீர் பாட்டிலோடு.

இப்போது தொப்புளில் துளை. ஏப்ரல் 22.

மத்தியானம் வந்து கதவுக்கு வெளியே நின்று, உனக்குத் தெரிந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவாயோ என்று பயம் என்றான். குறை இருக்கிறது என்று போகிறவளாக இருந்தால், எனக்குக் குறை என்று ஊரே சொன்னபோது நான் என்னைவிட்டு எங்கே போனேன்? கேட்டேனா இதை? இல்லை. எழுதத்தான் வருகிறது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும், அழுதால் அவன் சமாதானப்படுத்த உள்ளே வந்துவிடுவான்.

குழந்தை இல்லாததில் எனக்குக் கோபம் இல்லை. குறை அவனுடையது என்பதிலும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் வரும். என்னை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்து நின்றதுதான்.

மார்ச் 20, வெள்ளி

வசந்தம் என்று காலண்டரில். வெளியே பனித்தூறல்.

இந்த வாரம் செய்தது:
டாக்டரம்மாவுக்கு போன். லாப்ரோஸ்கோப்பி கேன்சல். காரணம் கேட்டார். வீட்டுக்காரர் ரிப்போர்ட் இல்லாமல் எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். டாக்டரம்மாவும் ஆமாம் அம்மா, அதை நானே முதலில் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். சொல்லியிருக்க வேண்டும்தான்.
எலேனியிடம் டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை அவள். நல்ல பூட்ஸ் வாங்கு என்றாள்.
பூட்ஸ். பார்த்தேன், வாங்கவில்லை.
மீதிக் கிழங்கு முழுவதையும் காப்பகத்தில் கொடுத்துவிட்டேன். குப்பையில் போட மனசு வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு செடி. யாருக்கும் ஒன்றும் ஆகாமல், ஒரு மனுஷன் பொய் சொல்ல உதவினதுதான் மிச்சம்.

இன்று ஏற்றினது தேனீ ஆர்க்கிட் பக்கங்கள். பூ பெண் தேனீ மாதிரியே இருக்கும், வாசனைகூட அப்படியே. ஆண் தேனீ நம்பி வந்து ஏமாந்து, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பூவுக்குப் போய் மறுபடி ஏமாறும். அந்த ஏமாற்றில் செடிக்காவது காய் பிடிக்கிறது. நம் வீட்டு ஏமாற்றில் என்ன பிடித்தது?

ஒரு சரிவு, ஆலிவ் தோப்புக்கு மேலே. மூன்று வருஷம் "உண்டு". போன வருஷம் "இல்லை, குழி". எலேனியின் கையெழுத்தில் பக்கத்தில் ஒரு கிரேக்க வார்த்தை. என்ன அர்த்தம் என்று கேட்டேன். கெட்ட வார்த்தை, ஏற்றாதே என்றாள். ஏப்ரலில் அங்கேதான் முதலில் போகிறோம். குழிக்குப் பக்கத்தில் தப்பினது ஏதாவது முளைத்திருக்கிறதா பார்க்க.

சாயங்காலம் பேசினேன், அவன் முகத்தைப் பார்த்து. அழவில்லை. "இனிமே யாராவது விசேஷம் உண்டான்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. என்ன வேணா சொல்லுங்க. ஆனா நீங்கதான் சொல்லணும்."

சரி என்றான். சரி என்பது அவன் வாயில் சும்மா வரும்.

மார்ச் 29, ஞாயிறு

அத்தை போன். ஞாயிறு தவறாது. அவன் எடுக்கவில்லை, ஷவரில் இருந்தான், அல்லது இருப்பதாகத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தான்.

"ஏளா, மருந்து தீந்துட்டா? அடுத்த வாரம் ஒரு ஆள் வாராக, குடுத்து விடுதேன்."

வேண்டாம் என்றேன். அவர் சொல்லிவிட்டார் என்றேன். லைனில் பின்னால் கோயில் ஒலிபெருக்கி மட்டும் கேட்டது. அப்புறம் குரல், தணிந்து, கிட்டத்தட்ட பாசமாக.

"ஆம்பளைக்கு அப்படி ஒரு பேரு வந்துட்டுன்னா பொறவு ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியுமா? நீ பொம்பள. தாங்கிக்கிடுவன்னு நெனச்சேன்."

மன்னிப்பு கேட்பார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அதுதான் அப்படி அடித்தது. தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தார்களாம். எத்தனை லேசாக.

சொல்ல ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது வேறு. "இனிமே அந்தக் கிழங்கு வாங்காதீங்க அத்தை. அதைத் தோண்டிட்டா அந்தச் செடிக்கு வம்சமே இல்லாமப் போயிரும்."

என்னளா சொல்லுத என்றார்கள். புரியவில்லை அவர்களுக்கு. புரிய வைக்கவும் இல்லை. அவரைக் கூப்பிடச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஷவரில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஹீட்டர் தண்ணீர் முழுக்கத் தீரும்வரை நின்றிருப்பான்.

ராத்திரி சாப்பிடும்போது, அம்மா என்ன சொன்னாங்க என்றான். நீங்கள் போன் பண்ணிக் கேளுங்கள் என்றேன். பண்ணவில்லை. தட்டைக் கழுவி வைத்தான். இந்த இரண்டு வாரமாக எல்லாத் தட்டையும் அவன்தான் கழுவுகிறான். தட்டு கழுவினால் தீருகிற விஷயமா இது?

ஏப்ரல் 7, செவ்வாய்

மேகம். விசாவுக்கு இரண்டு போட்டோ. இந்திய பாஸ்போர்ட் என்றதும் அத்தனை காகிதம் கேட்கிறார்கள். எலேனி அவளே கான்சலேட்டுக்கு போன் பண்ணிக் கிரேக்கத்தில் கத்தினாள். திங்கள்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பூட்ஸ் வாங்கிவிட்டேன். வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடக்கிறேன், கால் பழக. கீழ்வீட்டு அம்மா தட்டினாள்.

அவன் டாக்டரம்மாவிடம் டெஸ்டுக்கு நேரம் வாங்கியிருக்கிறான். பதினாறாம் தேதி. ஃப்ரிஜ் மேல் எழுதி ஒட்டியிருக்கிறான், நான் பார்க்கட்டும் என்று. பார்த்தேன். ஐந்து வருஷம் கழித்து ஒரு டெஸ்டுக்கு நேரம் வாங்கினதற்கு நான் ஆரத்தி எடுக்க வேண்டுமா?

ஏப்ரல் 12, ஈஸ்டர்

நல்ல வெயில். டாகுட் மரமெல்லாம் மொட்டு. பூசைக்குப் போனேன். ஆறு வாரத்துக்கு அப்புறம்.

பூசை முடிந்து எடிசன் ஆன்ட்டி வீட்டில் சாப்பாடு. பத்து குடும்பம். மட்டன் பிரியாணி, தாளிச்சா, பேப்பர் தட்டு. பிள்ளைகள் மாடியில் இங்கிலீஷில் சண்டை. ஆண்கள் சோபாவில், பெண்கள் டைனிங் டேபிளைச் சுற்றி. ஜெரால்டு சோபா ஓரத்தில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

ஆன்ட்டி எனக்குக் கறி வைத்துக்கொண்டே, கிரீஸ் போறியாமே, இந்த நேரத்துல எதுக்கும்மா என்றார்கள். பூ பார்க்க என்றேன். பூவா என்றார்கள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு என் தோளில் கை போட்டார்கள். எல்லோருக்கும் கேட்கும்படிதான்.

"ஏதாவது விசேஷம் உண்டாம்மா?"

வழக்கமாக நான், இன்னும் இல்லை ஆன்ட்டி, ஜெபம் பண்ணிக்கோங்க என்பேன். இன்று வாயைத் திறக்கவில்லை. ஜெரால்டைப் பார்த்தேன். கேட்டிருக்கிறது. முகம் தெரிந்தது. பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அவரைக் கேளுங்க ஆன்ட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜோக் அடிக்கிறேன் என்று. ஆன்ட்டியும் சிரித்து, அவன்ட்ட என்னத்தக் கேக்க, அவன் ஆம்பள என்றார்கள்.

நான் சிரிக்கவில்லை. திரும்பவும் பார்த்தேன். சரி, இதுதான், இவ்வளவுதான் இவர் என்று முடிவு பண்ணிவிட்டேன். என் தட்டை எடுக்கக் குனிந்தேன்.

"என்னத்தான் கேக்கணும் ஆன்ட்டி."

ஜெரால்டு எழுந்து நின்றிருந்தார், தட்டு கையில் சாய்ந்து குழம்பு வழிந்தது, அது தெரியவில்லை அவருக்கு. "ஸ்டெல்லாவுக்கு ஒண்ணும் இல்ல. ஆரம்பத்துலருந்தே இல்ல. எனக்குத்தான். எனக்குத் தெரியும், அவளுக்குச் சொல்லல."

ஆன்ட்டி கை என் தோளிலேயே இருந்தது, எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல். மாடியிலிருந்து ஒரு குழந்தை, "மாம், ஹி ஹிட் மீ" என்று கத்தியது. யாரோ எழுந்து போனார்கள். யாரோ ஜெரால்டு கையிலிருந்து தட்டை வாங்கினார்கள்.

காரில் திரும்பும்போது ரூட் ஒன்னில் டிராஃபிக். ஒரு இடத்தில், கேட்டியா என்றார். கேட்டேன் என்றேன். கோபம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. அந்த வரியைச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று. அரை நிமிஷத்து விஷயத்துக்கு என் ஐந்து வருஷம்.

நாளைக் காலை கிரீஸ் கான்சலேட், நியூயார்க். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில். லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றார்.

வேண்டாம் என்றேன்.